காயைச் சைவத்துக்கு எழுதிக் கொடுத்தது யார்?

'கீரை சாப்பிடு, பழம் சாப்பிடு, காய்கறி நிறையச் சேர்த்துக்கொள்.' ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் எழுதியிருக்கிறது. அங்கன்வாடிச் சுவரில் எழுதியிருக்கிறது. மாசமா இருக்கிற பெண் எந்த அரசாங்க வாசலில் போய் நின்றாலும் இதே மந்திரம்தான். ரத்தம் இல்லை என்று சீட்டில் எழுதிவிட்டு, 'ஏம்மா, காய்கறி எல்லாம் சாப்பிட மாட்டியா?' என்று ஒரு அதட்டல். காய்கறி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே காலனிக்காரிக்குத் தெரியாது, இவர்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பது மாதிரி.

இதற்கு நம் பக்கத்திலிருந்து ஒரு பதில் கிளம்புகிறது. 'போய்யா, அதெல்லாம் அவுங்க சோறு. நம்ம பாட்டன் முப்பாட்டன் இன்னா கத்திரிக்காய் துன்னுட்டா ஏர் ஓட்டினான்? கறியும் கருவாடும் துன்னு வளர்ந்த ஒடம்பு இது.' கூட்டத்தில் பேசினால் கைதட்டு விழும். நம் பத்திரிகைகளில் கவிதையாகவும் வந்திருக்கிறது.

இந்த இரண்டு குரலும் எதிரெதிராக நிற்பதுபோலத் தெரியும். கொஞ்சம் உற்றுக் கேளுங்கள். முதல் குரல், சேரிக்குக் காய்கறி தெரியாது என்கிறது. இரண்டாவது குரல், சேரிக்குக் காய்கறி வேண்டாம் என்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரே காரியத்தைச் செய்துமுடிக்கின்றன. காயையும் பழத்தையும் சேரியிலிருந்து எடுத்து அக்ரகாரத்தின் பெயருக்கு கிரயம் பண்ணிக் கொடுக்கின்றன. இந்தப் பத்திரத்தில் நாம் கையெழுத்துப் போட வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

உடம்பைக் கேட்போம்

ஒரு குடும்பத்துக்குக் காயும் பழமும் உண்மையிலேயே வேண்டுமா? வேண்டும். சுவரில் எழுதியவன் சொன்னதற்காக அல்ல. உடம்பு கேட்கிறது.

1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 'சாலிஸ்பரி' என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் ஒரு சோதனை செய்தார். மாதக்கணக்கில் உப்புக்கண்டமும் காய்ந்த ரொட்டியும் தின்று, ஈறு அழுகி, தோலில் ரத்தம் கட்டி, எழுந்து நிற்க முடியாமல் கிடந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு மருந்து. ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இரண்டு பேர் ஒரே வாரத்தில் எழுந்து நடமாடினார்கள். விஷயம் அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனால் கப்பல் படை முழுவதற்கும் எலுமிச்சைச் சாறு கொடுக்க உத்தரவு வந்தது 1795இல். நடுவில் 48 வருஷம். அந்த 48 வருஷமும் செத்தவன் அடித்தட்டு மாலுமி. உண்மை தெரிவதற்கும் அது ஏழையின் தட்டுக்கு வந்து சேர்வதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை நம்மைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

காயே விளையாத வடதுருவப் பனியில் இனுயிட் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்களே என்று ஒரு தோழர் கேட்டார். நல்ல கேள்வி. அவர்கள் சீல் என்கிற கடல்நாயின் ஈரலைப் பச்சையாகத் தின்றார்கள், திமிங்கிலத்தின் தோலைத் தின்றார்கள், கோடையில் கிடைக்கிற சிறு பழங்களைப் பொறுக்கித் தின்றார்கள். ஒரு மிருகத்தை முழுசாகத் தின்றார்கள். நாம் ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ பிராய்லர் கோழி எடுத்து ஐந்து பேருக்குப் பங்கு வைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உடம்புக்குச் சைவம், அசைவம் தெரியாது. அதற்கு இரும்பு வேண்டும், சுண்ணாம்புச் சத்து வேண்டும், விட்டமின் வேண்டும், நார் வேண்டும். ஈரலிலும் ரத்தத்திலும் சிவப்புக் கறியிலும் இருக்கிற இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். கீரையிலும் தானியத்திலும் இருக்கிற இரும்பை அவ்வளவு சுலபத்தில் எடுத்துக்கொள்ளாது. கூடவே நெல்லியோ கொய்யாவோ எலுமிச்சையோ சேர்ந்தால் எடுத்துக்கொள்ளும். கறித்துண்டு சேர்ந்தாலும் எடுத்துக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் விட்டுவிடும். ஆக, கறியும் கீரையும் பகையாளிகள் இல்லை, பங்காளிகள். சண்டை மூட்டிவிட்டது சாதி.

இன்னொன்று. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போகிறான். கடன் வாங்கியாவது ஆப்பிள். நூறு கிராம் ஆப்பிளில் விட்டமின் சி பத்து மில்லிகிராமைத் தாண்டாது. நூறு கிராம் கொய்யாவில் இருநூறுக்கு மேல். முருங்கைக் கீரையில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து அதே எடைப் பாலில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆனால் போஸ்டரில் கொய்யாவைப் பார்த்திருக்கிறீர்களா? முருங்கையைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே கேரட், ஆப்பிள், திராட்சைக்குத்தான் இடம். பழத்திலும் ஊர் இருக்கிறது, சேரி இருக்கிறது.

பழைய தட்டில் என்ன இருந்தது

களை பறிக்கப் போன பெண் வெறும் மடியோடு திரும்பியதில்லை. பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, பொன்னாங்கண்ணி, மூக்கிரட்டை, ஆரைக்கீரை என்று வரப்பிலும் வாய்க்காலிலும் விதைக்காமல் விளைந்ததெல்லாம் மடியில் வரும். வேலியில் கோவைக்காயும் முடக்கத்தானும். ஏரி நிறைந்தால் மீன், வயலில் நண்டு, நத்தை. மாடு விழுந்தால் கறி, ஈரல், குடல், எலும்பு, ரத்தம் எதுவும் வீண்போகாது. மிச்சத்தை உப்புக்கண்டம் போட்டுக் கொடியில் காயவைப்பார்கள். எங்கள் தாமலில் எழுபதைத் தாண்டிய ஆயாக்களைக் கேளுங்கள். இருபது கீரைக்குப் பேர் சொல்லுவார்கள், எது வாய்வு, எது சூடு, எது பிள்ளை பெற்றவளுக்கு ஆகும் என்று பிரித்துச் சொல்லுவார்கள். அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர் என்பதை நாம் ஒரு துணுக்குச் செய்தியாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பச்சிலையைப் பற்றிய அறிவு நம் தெருவுக்கு வெளியிலிருந்து வந்தது அல்ல என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் கதை விடப்போவதில்லை. பசி இருந்தது, பஞ்சம் இருந்தது, கூலியாகக் கிடைத்தது அரைவயிற்றுக்குத்தான். ஆனால் இல்லாமை அளவில் இருந்தது, அறிவில் இல்லை. 'காய்கறி தெரியாதவர்கள்' என்று இன்றைக்கு நம்மை அதட்டுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை மறைக்கிறார்கள்.

அந்தக் கீரை எங்கே போச்சு? வரப்புக்குக் களைக்கொல்லி வந்தது. களை பறிக்கிற கூலியும் போச்சு, மடிக் கீரையும் போச்சு, ஒரே தெளிப்பில் இரண்டும் காலி. சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலை எங்கள் ஊரை ஒட்டித்தான் ஓடுகிறது. இந்தச் சாலை நெடுக எத்தனை நிலம் கல் நட்ட பிளாட்டாக மாறியிருக்கிறது என்று பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே எண்ணலாம். பிளாட் போட்ட நிலத்தில் வேலி உண்டு, வாட்ச்மேன் உண்டு. கீரை கிள்ள உள்ளே போனால் திருட்டு. பொதுவாகக் கிடந்ததெல்லாம் பத்திரத்துக்குள் போய்விட்ட பிறகு, 'ஏம்மா கீரை சாப்பிடலை?' என்று கேட்பது என்ன நியாயம்?

வீட்டுக்குப் பின்னால் இடம்

காய்கறி என்பது கடைசியில் நிலத்தின் கதை. நாலு கத்திரிச் செடி, ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, கூரைமேல் ஒரு பூசணிக்கொடி. இதற்கு வீட்டுக்குப் பின்னால் இடம் வேண்டும், தண்ணீர் வேண்டும். அதைவிட முக்கியம், நாளைக்கு எவனும் காலி பண்ணு என்று சொல்ல மாட்டான் என்ற தைரியம் வேண்டும். மரம் வைக்கிறவன் பத்து வருஷத்தை நம்பி வைக்கிறான்.

1891இல் செங்கல்பட்டுக் கலெக்டராகப் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர், அன்றைக்குக் காஞ்சிபுரத்தையும் சேர்த்திருந்த அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கிற குடிசையின் அடிமனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் துரத்தலாம், அந்தப் பயமே அடிமைத்தனத்தின் ஆணிவேர் என்று அந்த வெள்ளைக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. நிலம் கொடுங்கள், மனை கொடுங்கள் என்று எழுதினான். 1892இல் அரசாணை வந்தது. அதுதான் பஞ்சமி நிலம். பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாறலாம் என்று நிபந்தனை. 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. அதில் எவ்வளவு இன்றைக்கு நம் கையில்? அதைக் கேட்டதற்குத்தான் 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் துப்பாக்கி பேசியது. காரணை மண்ணுக்காக நின்ற ஜான் தாமசும் ஏழுமலையும் பிணமானார்கள்.

காய்கறிக்கும் காரணைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். சம்பந்தம் இதுதான். அந்த நிலம் கையில் இருந்திருந்தால் அதன் ஒரு மூலையில் முருங்கை நின்றிருக்கும். அரசாங்கம் இலவச மனை என்று கொடுக்கிற மூணு சென்ட்டில் வீடு கட்டி, கக்கூஸ் கட்டி, மகனுக்குக் கல்யாணம் ஆனதும் பக்கத்திலே இன்னொரு அறை இழுத்துவிட்டால் துளசி வைக்கக்கூட மண் மிஞ்சாது. நாம் அதில் முருங்கை வைப்பதெங்கே?

அரிசி போதும் என்று சொன்னவன்

1876-78இல் சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் தின்றது. வைஸ்ராய் லிட்டன், ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரியை அனுப்பிவைத்தான். 1877 ஜனவரியில் வந்த டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமக்கிறவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று வெட்டினான். ஒரு பவுண்டு என்றால் அரை கிலோவுக்கும் குறைவு. மாகாணத்தின் சுகாதார அதிகாரியாக இருந்த டாக்டர் கார்னிஷ் எதிர்த்தார். வேலை செய்கிற உடம்புக்கு இது போதாது, தானியத்தை ஒன்றரைப் பவுண்டாக்கு, அதோடு காய்கறியும் புரதமும் கொடு என்று மல்லுக்கட்டினார். பிறகு அளவைத் திருத்தினார்கள். அதற்குள் மண் சுமந்த முகாம்கள் சுடுகாடாகிவிட்டன. 'தானியம் போதும்' என்பது ஒரு ஆட்சி தத்துவம் என்று நமக்கு முதலில் காட்டியவன் டெம்பிள்.

2008இல் ஒரு ரூபாய் அரிசி, 2011 ஜூனில் விலையில்லா அரிசி. எல்லா அட்டைக்கும் பொதுவாக ரேஷன் கடையைத் திறந்துவைத்திருக்கிற மாநிலம் இது. இதைக் கேலி பேசுகிறவன் பசியைப் பார்த்ததில்லை. 'இலவச அரிசி கொடுத்துச் சோம்பேறி ஆக்கிட்டாங்க, ஆள் கிடைக்கல' என்று புலம்புகிற பண்ணையாரின் வயிற்றெரிச்சலே அந்த அரிசியின் பெருமை. அந்த அரிசியால்தான் ஆண்டையின் களத்துமேட்டில் கைகட்டி நிற்காமல் நம் ஆளால் மறுத்துப் பேச முடிந்தது. அதை விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

ஆனால் அரிசியோடு நின்றுபோனது. கொஞ்சம் பருப்பு, கொஞ்சம் பாமாயில், அத்தோடு சரி. மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, ரசம், ஊறுகாய். வயிறு நிறைந்துவிடுகிறது, ரத்தம் ஊறவில்லை. 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காடு பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குள் இருக்கிற குழந்தைகளில் 57.4 விழுக்காடு. நாலாவது கணக்கெடுப்பில் குழந்தைகளின் எண் 50.7. குறையவில்லை, கூடியிருக்கிறது. சமூகநீதி மண் என்று மேடை போட்டுப் பேசுகிறோமே, அந்த மண்ணில் பாதிப் பெண்களுக்கு ரத்தம் இல்லை.

ஒரு கிளார்க்கின் கணக்கு

கணக்குப் பார்ப்பது என் பிழைப்பு. இதையும் பார்த்துவிடுவோம். ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் இரண்டும் சேர்த்துக் குறைந்தது 400 கிராம் என்கிறது. நம் நாட்டு நிறுவனம் சொல்வதையே எடுத்துக்கொள்வோம்.

வளர்ந்த ஆட்கள் நாலு பேர் இருக்கிற வீடு. ஒரு நாளைக்கு 1,600 கிராம் காய், 400 கிராம் பழம். காய் கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை மழையில் தக்காளி விலை தெரிந்தவர்கள் சிரிக்க வேண்டாம், குறைத்தே போடுகிறேன். பழம் கிலோ 80. காய்க்கு 64, பழத்துக்கு 32. ஆக மொத்தம் ஒரு நாளைக்கு 96 ரூபாய். வருஷத்துக்கு 35,040 ரூபாய்.

2024-25இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். நூறு நாளும் வேலை கொடுத்து, முழுக் கூலியும் கொடுத்தால் ஒரு குடும்பத்துக்கு 31,900. நூறு நாளும் எங்கே கொடுத்தார்கள், முழுசாக எங்கே கொடுத்தார்கள் என்பது பாஸ்புக்கில் பதிவு போட்ட எனக்கும் தெரியும், வரிசையில் நின்ற உங்கள் அம்மாவுக்கும் தெரியும். கொடுத்ததாகவே இருக்கட்டும். அந்தப் பணம் மொத்தத்தையும் காய்க்கும் பழத்துக்கும் மட்டும் கொட்டினாலும் 3,140 ரூபாய் உதைக்கிறது. இன்னும் மீன் வாங்கவில்லை, கறி வாங்கவில்லை, சோப்பு வாங்கவில்லை, குழு லோன் தவணை கட்டவில்லை.

இந்தக் கணக்கைச் சுவரில் எழுதுவார்களா? கேரட் படத்துக்குக் கீழே விலையையும் எழுதிப்போடச் சொல்லுங்கள் பார்ப்போம். காஞ்சிபுரம் ராஜாஜி மார்க்கெட்டில் சாயங்காலத்துக்கு மேல் போய் கூறு கட்டின காய் வாங்குகிறவள் அறிவில்லாதவள் இல்லை. அவள் மூளைக்குள் ஓடுகிற கணக்கு எந்த வங்கி மேலாளருக்கும் ஓடாது. சொத்தைக் கத்திரிக்காயில் எவ்வளவு வெட்டிப்போட்டால் எவ்வளவு தேறும் என்று கண்ணாலேயே எடை போடுகிறாள்.

பட்டு ஊரில் இருக்கிறோம். மாம்பழ நிறம், மாதுளை நிறம், எலுமிச்சை நிறம், கத்திரிப்பூ நிறம் என்று சேலைக்கு நிறம் சொல்லுகிற ஊர். ஒரு முந்தானை நெடுக மாங்காய் புட்டா. காஞ்சிபுரம் தறிகளில் கொத்தடிமையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை எழுதியது. இப்படி இந்தியாவின் பட்டுத் தொழிலில் கட்டிப்போடப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் தலித்துகள் என்றது. நம் பிள்ளை தொட்ட மாங்காயெல்லாம் ஜரிகை மாங்காய்.

சைவத்தின் மோசடி

இப்போது அந்தக் கிரயப் பத்திரத்துக்கு வருவோம். சைவம் என்றால் காய்கறி என்று ஒரு நம்பிக்கை பரப்பிவைத்திருக்கிறார்கள். பொய். சைவம் என்பது காயைப் பற்றியதே அல்ல. யாரோடு உட்காரக் கூடாது, யார் கையால் தின்னக் கூடாது என்பதைப் பற்றியது.

ருசு வேண்டுமா? வெங்காயமும் பூண்டும் மண்ணில் விளைவதுதானே? சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் காலை உணவு கொடுக்க அட்சய பாத்திரம் என்ற அமைப்பைக் கொண்டுவந்தபோது, 2020இல் பெரிய சர்ச்சை. வெங்காயம், பூண்டு இல்லாத சமையல் அவர்களுடையது. ஆளுநர் தன் நிதியிலிருந்து 5 கோடி ரூபாய் கொடுத்தார். ஏழைப் பிள்ளைக்குச் சாப்பாடு போடும்போதுகூட வெங்காயத்துக்குத் தீட்டு பார்க்கிற வாய்தான் நமக்குக் காய்கறியின் மகிமை பற்றிப் பிரசங்கம் செய்கிறது.

2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. மெஸ் ஒன்றில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனி வாசல், தனிக் கைகழுவுமிடம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். எதிர்ப்பு வந்ததும் கிழித்தார்கள். கத்திரிக்காய் தின்ற கைக்குத் தனிக் குழாய் எதற்கு? இரட்டைக் குவளைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அடுத்த ருசு இன்னும் நுணுக்கமானது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவில் 1989இல் முட்டை வந்தது. படிப்படியாக வாரத்துக்கு ஐந்து நாள் என்று ஆனது. நல்ல காரியம். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு என்ன கொடுக்கிறார்கள்? வாழைப்பழம். கவனியுங்கள். முட்டை தின்கிற பிள்ளைக்கு வாழைப்பழம் கிடையாது. இரண்டும் வேண்டும் என்று எந்த மருத்துவரும் சொல்லுவார். ஆனால் நம் அரசாங்கத்தின் பதிவேட்டில் பழம் என்பது 'முட்டை தின்னாதவர்' என்ற கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. காசு மிச்சம் பிடித்த காரியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனாலும் எந்தக் கட்டத்தில் எதைப் போடுவது என்று யோசிக்கிற கை எந்தப் பழக்கத்தில் யோசிக்கிறது என்பதும் தெரிகிறது அல்லவா? பழத்தைச் சைவத்துக்கு எழுதிக் கொடுத்தது இப்படித்தான். யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. ரிஜிஸ்டரில் ஒரு கோடு போட்டார்கள், முடிந்தது.

காய்கறிச் சாம்பாரே ஆனாலும் கரண்டி யார் கையில் என்பதுதான் கடைசிக் கேள்வி. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் ஒரு தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியார் பள்ளிக்கூடத்தை முற்றுகையிட்டார்கள். அந்த அம்மாவைத்தான் முதலில் இடம் மாற்றினார்கள். போராட்டத்துக்குப் பிறகே மாறுதல் ரத்தாகி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. 2022 செப்டம்பர் 15இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. ஒரு வருஷம்கூட முழுசாக நிம்மதியாகப் போகவில்லை. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரிலும் எட்டயபுரம் பக்கத்து உசிலம்பட்டியிலும் தலித் பெண் சமைத்ததைப் பிள்ளைகள் தின்னக் கூடாது என்று வீட்டில் தடுத்தார்கள். கலெக்டரும் எம்.பி.யும் போய் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அந்தத் தட்டில் மாட்டுக்கறி இருந்ததா? இல்லை. ரவையும் சேமியாவும் காய்கறியும். தீட்டு சாப்பாட்டில் இல்லை தோழர்களே, நம் விரலில் இருப்பதாக அவன் நினைக்கிறான். நாம் எல்லோரும் நாளைக்கே சைவமாக மாறினாலும் அந்தத் தீட்டு ஒரு அங்குலம் நகராது.

மாட்டுக்கறியைத் தட்டிலிருந்து பிடுங்குவதும் இதே அரசியல்தான். 2017 மே மாதம் ஒன்றிய அரசு சந்தையில் மாடு விற்பதற்கே கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதே வாரத்தில் ஐ.ஐ.டி.யில் மாட்டுக்கறி விருந்து நடத்தியதற்காக ஒரு மாணவரின் கண்ணைக் குத்திக் காயப்படுத்தினார்கள். 2022 மே மாதம் எங்கள் ஊர் வழியே போகிற இதே நெடுஞ்சாலையில் ஆம்பூரில் அரசே பிரியாணித் திருவிழா அறிவித்துவிட்டு, மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் இடமில்லை என்றது. ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் இது பாகுபாடு என்று கேட்டது. திருவிழா தள்ளிப்போனது. ஏழையின் இரும்புச் சத்துக்கு மலிவான வழி அந்தக் கறி. அதையும் பிடுங்குவான், ரத்தசோகை என்று சீட்டும் எழுதுவான்.

நம் வீட்டுக்குள்ளே

வெளியே பேசியாயிற்று. இனி நம் பக்கம். மாட்டுக்கறியை எதிர்ப்பின் அடையாளமாக நிறுத்தினோம். சரி. அண்ணல் அம்பேத்கர் 1948இல் தீண்டாமையின் தோற்றத்தை ஆராய்ந்தபோது மாட்டுக்கறியைத்தான் அதன் மையத்தில் வைத்தார். அந்த அரசியலில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மேடையில் கறியைக் கொண்டாடுகிற ஆண் தோழரே, உங்கள் வீட்டில் அந்தக் கறி யார் தட்டில் விழுகிறது? சமைத்தவள் கடைசியில் உட்காரும்போது சட்டியில் மிஞ்சியிருப்பது எலும்பும் குழம்பும். ஈரல் யாருக்கு? வீட்டு ஆம்பளைக்கும் ஆண் பிள்ளைக்கும். ரத்தசோகை என்ற அந்த 53.4 விழுக்காடு யார்? குழம்பை மட்டும் ஊற்றிப் பிசைந்து தின்றவள். கறியைப் பற்றிக் கவிதை எழுதிய நாம் அவள் தட்டைப் பற்றி எத்தனை வரி எழுதினோம்?

பழம் நம் தெருவுக்கு வருவதே இல்லை என்று சொல்ல முடியாது. டாஸ்மாக் பாரில் போய்ப் பாருங்கள். வெள்ளரிக்காய், மாங்காய்ப் பத்தை, அன்னாசித் துண்டு, கொய்யா, மிளகாய்த்தூள் தூவிப் பிளாஸ்டிக் தட்டில் இருக்கிறது. கூலிப் பணத்தில் வாங்கின பழம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. அது வீடுவரைக்கும் நடந்து வருவதில்லை. இதைச் சொன்னால் 'எதிரிக்கு ஆயுதம் கொடுக்காதே' என்பார்கள். நம் பெண்களின் ரத்தத்தைவிட நம் இமேஜ் பெரிதா?

'காய்கறி அவுங்க சோறு' என்று சொல்வது வீரம் மாதிரி இருக்கும். உண்மையில் அது அவன் போட்ட கோட்டை நாமே காவல் காப்பது. ஊர்த்தெருக் குளத்தை 'அது அவுங்க தண்ணி' என்று விட்டிருந்தால் 1927இல் மகத் நடந்திருக்காது. அந்தக் குளத்துத் தண்ணீரைக் குடிக்காவிட்டால் செத்துவிடுவோம் என்பதற்காகப் போகவில்லை, நாமும் மனிதர்கள் என்று நிலைநாட்டப் போகிறோம் என்றார் அம்பேத்கர். காய் விஷயத்தில் நிலைநாட்டவும் வேண்டியிருக்கிறது, சாகாமல் இருக்கவும் வேண்டியிருக்கிறது.

என்ன கேட்கப் போகிறோம்

அறிவுரை வேண்டாம், பங்கு வேண்டும் என்பதுதான் நம் நிலை. அதைக் கோரிக்கையாக எழுதினால் இப்படி வரும்.

ரேஷன் கடையில் அரிசியோடு காய்க்கும் கீரைக்கும் இடம் வேண்டும். முடியாது என்று சொல்லாதீர்கள். 1999இல் உழவர் சந்தை திறந்த அரசாங்கம் இது, 2013இல் சென்னையில் பண்ணை பசுமைக் கடை திறந்த அரசாங்கமும் இதுதான். சென்னைக்கு முடிந்தது சேரிக்கு ஏன் முடியாது?

சத்துணவில் முட்டையும் பழமும். 'முட்டை அல்லது பழம்' என்ற கோட்டை அழி.

மனை என்றால் வீடு கட்டினபின் செடி வைக்க மண் மிஞ்சுகிற மனை. பஞ்சமி நிலத்தை அளந்து, எடுத்து, உரியவர் பெயருக்குப் பட்டா. ஏரிக்கரை, வாய்க்கால் புறம்போக்கில் கீரையும் முருங்கையும் வைத்துப் பறிக்க நிலமற்ற பெண்கள் குழுக்களுக்கு உரிமை.

பள்ளிக்கூடச் சமையலறையில் நம் பெண்களுக்கு உரிய வேலை. தடுத்தால் இடமாறுதல் தடுத்தவனுக்கு. சமைத்தவளுக்கு அல்ல.

நம் வீட்டில் சமைத்தவள் கடைசியில் உட்காருகிற வழக்கம் ஒழிய வேண்டும். இதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. இன்று ராத்திரியிலிருந்தே தொடங்கலாம்.

கிராம சபை வருஷத்தில் பல முறை கூடுகிறது. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 என்று தேதி நமக்குத் தெரியும். ரோடு, லைட்டு, தண்ணி என்று எழுதித் தருகிற மனுவில் அடுத்த முறை இதையும் ஒரு வரி சேருங்கள்: எங்கள் ஊரில் பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர், இப்போது யார் பேரில், அதில் என்ன விளைகிறது? பதிலை எழுத்தில் கேளுங்கள். அதில் விளைகிற காய் எந்த வீட்டு அடுப்பில் வேகிறது என்பது தானே தெரிந்துவிடும்.